கிருபாவுக்கு வயசு எத்தனை

போத்தனூர் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, நூல் மில்லின் சுற்றுச்சுவரை ஒட்டி ஐந்து தெருக்கள் உண்டு. அந்தத் தெருக்களில் இருபது வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளையெல்லாம் பெற்றது அவரவர் அம்மாதான். ஆனால் அவர்களுக்குப் பிறந்த தேதியைக் கொடுத்தது சாந்தாமணி டீச்சர்.

டீச்சர் என்றதும் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். பால்வாடி டீச்சர். காடு தோட்டத்தில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண்ணாகி, எழுபத்தாறாம் வருடம் இந்த வேலையில் உட்கார்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "வருசத்துக்கு நாப்பது புள்ளைங்க எனக்கு, மாமியார் தொல்லையும் கெடையாது, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சிரித்து வாயை அடைத்துவிடுவார்.

அந்தக் காலத்தில் அங்கே பிரசவமெல்லாம் பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தது. தலைச்சன் பிள்ளை என்றால் அம்மா வீட்டில். பிறந்ததை ஆபீசுக்குப் போய்ப் பதிந்து வைக்கிற அக்கறை யாருக்கும் இல்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பால்வாடிக்கு வருகிறவளிடம், "எப்ப அம்மணி பொறந்துது?" என்று கேட்டால், "அவிநாசித் தேருக்கு மொத நாளுங்க" என்பாள் ஒருத்தி. "மாரியாயி நோம்பிக்குக் கம்பம் நட்டு மூணாம் நாளுங்க" என்பாள் இன்னொருத்தி. நாளைச் சொல்வார்கள், கிழமையைச் சொல்வார்கள், மழை பெய்ததா இல்லையா என்பதைக்கூடச் சொல்வார்கள். வருடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அது எந்த வருடத்துத் தேர், எந்த வருடத்து நோம்பி என்று கண்டுபிடிப்பது டீச்சரின் பாடு.

தொடக்கத்தில் டீச்சர் பழைய காலண்டர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் யாருக்கு எப்போது கல்யாணம், எந்த வருடம் யார் இறந்தார்கள் என்றெல்லாம் விசாரித்துத்தான் எழுதுவார். போகப்போகக் காலண்டர் தேவைப்படவில்லை. தலைக்குள்ளேயே எல்லாம் வரிசையாக இருந்தது. கேட்ட மாத்திரத்தில் தேதி வந்து விழும். அவர் எழுதியதுதான் பள்ளிக்கூடத்துக்கும், ரேஷன் கார்டுக்கும், பிற்பாடு வேலைக்கும் பிறந்த தேதி. ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அதில் டீச்சருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

தொண்ணூற்றாறு ஜூனில் எழில் தன் மகளைக் கொண்டுவந்து விட்டாள். எழிலுக்கு இருபத்திரண்டு வயது. சத்தியமங்கலத்துப் பக்கம் பிறந்து, இங்கே லாரி ஓட்டுகிற தமிழ்வேந்தனைக் கட்டி வந்தவள். பேசும்போது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசுவாள். மகள் பெயர் கிருபா.

"எப்ப அம்மணி பொறந்தா?"

"எங்க அம்மா ஊட்டுலதானுங்க. கல்யாணமாகி மறு பங்குனியில, பண்ணாரியில குண்டம் எறங்குன அன்னிக்குங்க. எங்க அப்பா தீ மிதிச்சுட்டு ஊட்டுக்கு வாரதுக்குள்ள இவ பொறந்துபோட்டாங்க."

இதைவிடச் சுலபமான கணக்கு ஏது? எழிலின் கல்யாணத்துக்கு டீச்சரே போயிருந்தார். பால்வாடிக் கூரையைப் பிரித்துக் காங்கிரீட் போட்ட வருடம் அது. ஜல்லி கொட்டுகிற ஆட்களிடம் சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய சிமெண்டைக் கழுவிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கூரை போட்டது தொண்ணூற்றிரண்டு. மறு பங்குனி தொண்ணூற்றி மூன்று. டீச்சர் பதிவேட்டில் எழுதினார். மூன்று வயது இரண்டு மாதம்.

எழில் எட்டிப் பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள், எண் தெரியும்.

"மூணு முடிஞ்சிருச்சுங்களா டீச்சர்? நான் ரெண்டுதான்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

"உங்க கல்யாணத்துல மொதப் பந்தியில சாப்புட்டவ நானு. எனக்கே கணக்குச் சொல்றயா நீ?"

எழில் வெட்கப்பட்டுச் சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பால்வாடிச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்று படம் போட்ட அட்டை. ஒரு வயதில் நடை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச்சு. மூன்று வயது முடிந்தால் பேர் சொல்ல வேண்டும், சிவப்பு எது என்று காட்ட வேண்டும், வட்டம் வரைய வேண்டும். டீச்சருக்கு அதை விளக்கிச் சொன்னவர் பயிற்சிக்கு வந்த ஒரு அதிகாரி. பிறந்த குழந்தையின் மூளை எப்படி மளமளவென்று வளர்கிறது, ஐந்து வயதுக்குள் பெரியவர்களின் மூளை அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, அதனால் அந்த ஐந்து வருடத்தைக் கோட்டை விட்டுவிடக் கூடாது என்று அவர் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார். கோடு மேலே ஏறி, அப்புறம் சமமாகப் போய், பலகையின் ஓரத்தில் லேசாக இறங்கியது.

"கடைசியில எறங்குதுங்களே சார், அது என்னங்க?" என்று அன்றைக்குக் கேட்டவர் டீச்சர்தான்.

"அது வயசானவங்களுக்கு. நம்ம டிபார்ட்மெண்டு இல்லீங்க" என்று சொல்லி அவர் கோட்டை அழித்துவிட்டார். அறை முழுக்கச் சிரித்தது.

இப்போது அந்தக் கோடுதான் டீச்சருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. ஆறு மாதமாக என்னவோ சரியில்லை. ரசாக்கின் மகனை ரசாக் என்றே கூப்பிட்டார். ரசாக்கும் இதே பால்வாடியில் உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றவன்தான், வாய் தவறுவது சகஜம் என்று தேற்றிக்கொண்டார். ஆயா வள்ளியாத்தாளைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அவள் ஜன்னல் வழியாகக் கத்தித் தெருவைக் கூட்டிய பிறகுதான் வெளியே வந்தாள். "டீச்சருக்கு நம்ம மேல என்ன கோவமோ!" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டீச்சரும் கூடச் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து பயந்துபோய், சாமான் அறையை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் டீச்சரின் அம்மா. அறுபதை எட்டுவதற்கு முன்பே அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் உப்பு, அப்புறம் பேர், அப்புறம் ஊர். கடைசி வருடம் ஒரு நாள், தலை சீவிவிட்டுக்கொண்டிருந்த மகளை நிமிர்ந்து பார்த்து, "இத்தனை பாடு படறீங்களே, நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அந்த 'ங்க' தான் டீச்சருக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆகவே தன்னைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பற்றி யோசித்தார். அப்படி யோசித்தபோதுதான் கிருபா உறுத்தினாள்.

"கண்ணு, உன் பேரென்ன?" கிருபா சிரிப்பாள். "செவப்பு எது?" மஞ்சள் கட்டையை எடுத்து வாயில் வைப்பாள். வட்டம் போடச் சொன்னால் சிலேட்டு முழுக்கக் கிறுக்குவாள். பேச்சு என்று பார்த்தால் "அம்மா வா", "பால் தா", "காக்கா போச்சு". அவ்வளவுதான். தராசில் தொங்கவிட்டால் பத்தரைக் கிலோ. மூன்றரை வயதுக்குப் பத்தரைக் கிலோ எப்படிப் போதும்? மூன்று மாதம் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் அட்டைக்கு எதிரே நிறுத்திக் கேட்டார். செப்டம்பரில், பதிவேட்டில் கிருபாவின் பேருக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'மூளை வளர்ச்சி சந்தேகம்' என்று எழுதினார். பென்சிலை இரண்டு முறை கீழே வைத்துவிட்டுத்தான் எழுதினார். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டோம் என்ற ஒரு நிம்மதியும் இருந்தது. தன் தலை இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி போலப்பட்டது. இப்படி நினைத்ததற்காக அவர் பின்னால் ரொம்ப அழுதார்.

சேதி எழிலின் வீட்டுக்குப் போனதும் வீடு ரெண்டுபட்டது. மாமியார் ராசாத்தாள் தெருவே கேட்கப் பேசினாள். "எங்க பக்கம் யாருக்கும் இப்பிடி இல்லீங்க. இவ அம்மா ஊட்டுச் சீக்கு இது." லாரியோடு சேலத்திலிருந்து வந்த தமிழ்வேந்தன் மகளைத் தூக்கி மடியில் வைத்துச் சோறு ஊட்டிவிட்டு மறுபடி லாரி ஏறிப் போனான். மறுநாள் எழில் பால்வாடி வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: "நெசமாத்தானுங்களா டீச்சர்?"

"பயப்படாத அம்மணி. டாக்டர்கிட்டக் காட்டுவோம். நானே வாரேன்."

செவ்வாய்க்கிழமை டீச்சர், எழில், கிருபா மூவரும் பஸ் ஏறி டவுன்ஹால் பக்கம் குழந்தை டாக்டர் சுந்தரராஜுலுவிடம் போனார்கள். வெள்ளை மீசை, தொளதொளத்த சட்டை. குழந்தையிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. மேஜை மேல் ஒரு டப்பாவை வைத்து மூடியைத் திறந்து மூடினார். கிருபா திறந்து மூடினாள். பின்னால் போய் மெல்ல ஒரு மணியை அடித்தார். கிருபா திரும்பினாள். "அம்மாவோட செருப்ப எடுத்துட்டு வா தங்கம்" என்றார். நாலு ஜோடிச் செருப்பில் சரியாக எழிலின் செருப்பைத் தூக்கி வந்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"என்ன வயசுங்க?"

எழில் டீச்சரைப் பார்த்தாள்.

"மூணரைங்க" என்றார் டீச்சர்.

டாக்டர் கிருபாவைச் சிரிக்க வைத்து வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார். கடி வாங்கினார். "மூணரைங்களா? நிச்சயமா?" என்று விரலை உதறிக்கொண்டே கேட்டார். "கடைசிக் கடவாய்ப் பல்லு இப்பத்தானுங்க மொளைச்சுட்டு இருக்குது. சாதாரணமா ரெண்டு ரெண்டரை வயசுல நடக்கற காரியம். சில புள்ளைகளுக்குத் தாமதமாகும், இல்லீன்னு சொல்லல. ஆனா இவ பாக்கறது, நடக்கறது, சொன்னதைப் புரிஞ்சுக்கறது எல்லாமே ரெண்டரை மாதிரித்தான் இருக்குது."

எழில் கிருபாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணரைன்னா நான் கவலைப்படணும். காது, ரத்தம், மூளை எல்லாம் பாக்கோணும். ரெண்டரைன்னா ஒண்ணுமே இல்லை, கூட்டிட்டுப் போயி நல்லாச் சோறு போடுங்க. மொதல்ல எனக்கு வயசு தெரியணும். சாட்சியோட வாங்க."

பஸ்ஸில் வரும்போது எழில், "ரெண்டரைன்னா நல்லா இருக்குமுங்க டீச்சர்" என்றாள். ஆசையைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். சண்டைக்கு நிற்கிற பெண் இல்லை அவள். 

குழப்பம் அங்கே ஆரம்பித்தது. கிருபாவுக்கு ரெண்டரை என்றால் அவள் நல்ல பிள்ளை. அப்படியானால், பார்த்து வந்த கல்யாணத்தையே ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டது டீச்சரின் தலை. கிருபாவுக்கு மூன்றரை என்றால் டீச்சரின் தலை நன்றாக இருக்கிறது. அப்படியானால் கிருபாவின் தலையில் கோளாறு. இரண்டில் ஒன்றுதான் நன்றாக இருக்க முடியும். எதை வேண்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கிருபாவுக்காக வேண்டிக்கொள்ள நினைத்துக் கண்ணை மூடினால், அம்மாவின் முகம் வந்து, நீங்க எந்த ஊருங்க என்றது.

சாட்சி எங்கோ இல்லை, வீட்டிலேயே இருந்தது. டீச்சர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வளைத்த கம்பி ஒன்று தொங்கும். வருகிற கடிதம், கல்யாணப் பத்திரிகை, கரண்டு பில் எல்லாவற்றையும் வந்த வரிசையில் அதில் குத்தி வைப்பார். எழிலின் கல்யாணப் பத்திரிகை அதில் எங்கோ நடுவில் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் தேதி தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

புதன்கிழமை அவர் கம்பியின் பக்கம் போகவில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் அது ஆடுவது காதில் விழுந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றார். பிள்ளைகளுக்கு உருண்டை கொடுக்கும்போது ஒருவனுக்கு இரண்டு முறை கொடுத்துவிட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் மூளை பிரமாதமாக வளர்ந்திருந்தது. கூரையைப் பார்த்து, காங்கிரீட் போட்டது எந்த வருடம் என்று ஆயாவிடம் கேட்டார்.

"தொண்ணூத்திரண்டுங்க. எம்பட சின்னவ பெரிய மனுசியான வருசமாச்சுங்களே."

டீச்சருக்கு உயிர் வந்தது. "அப்பத்தான எழிலு கல்யாணம்?"

"இல்லீங்க. அவ கல்யாணத்தப்ப நாம வெள்ளையடிச்சுட்டு இருந்தோம். நீங்க கையில சுண்ணாம்போட ஓடுனீங்க."

சுண்ணாம்பா, சிமெண்டா? டீச்சர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். இரண்டுமே ஞாபகத்தில் இருந்தது. இரண்டையும் அவர் கழுவியிருக்கிறார். எதைக் கழுவிவிட்டு எங்கே போனார் என்பதுதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது. ஆயாவுக்கும் வயதாகிறது, அவளும் மாற்றிச் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டார். அப்படி எண்ணியதில் கொஞ்சம் கேவலமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளையைக் கூப்பிட வந்த எழிலின் கண் வீங்கியிருந்தது.

"நாளைக்கு அவளை அனுப்ப மாட்டேனுங்க டீச்சர். அத்தை கூட்டிட்டுப் போறாங்களாமா. வெள்ளலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருக்கறானாமா. மஞ்சக் கொம்பைச் சுட்டுக் காதுக்குப் பின்னால வெச்சா மூளைச் சூடு எறங்கிப் பேச்சு வந்துருமாமா." அவள் தலைப்பைச் சுற்றுவதை நிறுத்தினாள். "அவருமில்ல ஊட்டுல. நான் சொன்னா யாருங்க கேக்கறாங்க? டீச்சரே எழுதியிருக்கறாங்க, நீ என்னடி படிச்சவளாட்டப் பேசறன்னு கேக்கறாங்க."

கிருபா டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்து, சுவரில் ஓடிய பல்லியைக் காட்டினாள்.

டீச்சர் பால்வாடியைப் பூட்டக்கூட இல்லை. நேராக வீட்டுக்கு நடந்து, கதவைச் சாத்தி, கம்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். மேலே இருப்பவற்றை ஒவ்வொன்றாக உருவி, மூன்று நான்கு வருடம் கீழே இறங்க வேண்டும் என்று உட்கார்ந்தார். இறங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எழிலின் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

போன வாரம் வந்த கரண்டு பில்லுக்கும் மேலே. மஞ்சள் தடவிய முனை, தமிழ்வேந்தன், எழில், வைகாசி, மண்டபத்தின் பேர். வருடம் தொண்ணூற்றி மூன்று.

தொண்ணூற்றி மூன்று வைகாசியில் கல்யாணம். மறு பங்குனி தொண்ணூற்றி நாலு. கிருபாவுக்கு ரெண்டரைதான்.

அப்பாடா என்று முதலில் வந்தது. அது உண்மை. நெஞ்சு நிறைந்து வந்தது. அதற்கு அடுத்த மூச்சில்தான் மற்றது உறைத்தது. நடுவில் கிடக்க வேண்டிய பத்திரிகை மேலே எப்படி வந்தது? யார் எடுத்தது? இந்த வீட்டில் அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? பூட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பத்திரிகையைத் திருப்பினார்.

பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தது.

'செவ்வாய். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எடுத்துப் பார்த்தேன். கல்யாணம் 93. குண்டம் 94. கிருபாவுக்கு ரெண்டரை. தப்பு என்னுடையது. நாளைக் காலையில் எழிலிடம் சொல்ல வேண்டும்.'

அவருடைய கையெழுத்து. பதிவேட்டில் இருபது வருடமாக எழுதுகிற அதே கையெழுத்து. அந்த வாக்கியங்களை அவர் மூன்று முறை படித்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கினார். காய் வாங்கினார். ரசம் வைத்தார். வெள்ளைப்பூண்டு தட்டிப் போட்டதுகூட ஞாபகம் இருந்தது. இந்தக் கம்பியைக் கழற்றியது, இதை உருவியது, பென்சிலைத் தேடி எடுத்தது, எழுதியது எதுவுமே இல்லை. துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. வேறு யாரோ ஒருத்தி இந்த வீட்டுக்குள் வந்து, அவர் சேலையை உடுத்திக்கொண்டு, அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் நல்லவள்தான். உண்மையை எழுதியிருக்கிறாள். இரண்டு நாளாகப் பயந்து ஒளிந்தவர்தான் இவர்.

உட்கார்ந்து அழலாம் என்று இருந்தது. ஆனால் அழுது முடிப்பதற்குள் இதுவும் போய்விட்டால்? டீச்சர் எழுந்தார். பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பு மாட்டாமல், "ரெண்டரை, ரெண்டரை" என்று முணுமுணுத்தபடி தெருவில் இறங்கி நடந்தார். எதிரே வந்தவர்கள் "ஏனுங்க டீச்சர், எங்க இத்தனை வேகமா?" என்று கேட்டார்கள். யாருக்கும் பதில் சொல்லவில்லை. வேறு வார்த்தை பேசினால் இந்த வார்த்தை கீழே விழுந்துவிடும் என்று பயம்.

ராசாத்தாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழில் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கிருபாவுக்கு ரெண்டரை வயசு" என்றார் டீச்சர், வந்ததும் வராததுமாக. "மூணரை இல்லீங்க. நான் வருசத்தைத் தப்பா எழுதிப்போட்டேன். புள்ளை நல்லா இருக்கறா. வயசுக்குத் தகுந்தாப்புலதான் பேசறா. சூடெல்லாம் வெச்சுப்போடாதீங்க. தப்பு எம்மேல." பத்திரிகையை நீட்டினார். 

ராசாத்தாள் வெங்காயத்தைக் கீழே போட்டாள். "ஏனுங்க டீச்சர், என்னங்க இது? மூளை வளரலீன்னு எழுதி ஊரெல்லாம் சிரிக்க வெச்சு, எம்பட மகன் நாலு நாளாச் சோறு தண்ணி இல்லாம லாரி ஓட்டறான். நான் இவளை எத்தனை பேச்சுப் பேசிப்போட்டேன்! இப்ப வந்து சாவகாசமாத் தப்புன்னு சொன்னா ஆச்சுங்களா?"

"ஆகாதுங்க" என்றார் டீச்சர். 

எழில் பத்திரிகையை வாங்கித் தேதியைப் பார்த்தாள். அப்புறம் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். மெதுவாக, எழுத்துக் கூட்டி. செவ்வாய் என்ற இடத்தில் நின்று, நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். "செவ்வாக்கிழமையே தெரிஞ்சு…" என்று ஆரம்பித்தவள், டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வெறுங்காலைப் பார்த்தாள். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "உள்ள வந்து உக்காருங்க டீச்சர். தண்ணி குடிங்க" என்றாள். மாமியாரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் மாமியாரைக் கேட்காமல் அவள் ஒருவரை உள்ளே அழைத்தது அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை டீச்சர் பதிவேட்டைத் திறந்து சிவப்புக் கோட்டை அழித்தார். சரியான வருடத்தை எழுதினார். ஆயாவைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பிறகு அலமாரியிலிருந்த பழைய பதிவேடுகளைப் பார்த்தார். இருபது வருடம். எண்ணூறு பிள்ளைகளாவது இருக்கும். இது எப்போது ஆரம்பித்தது? ஆறு மாதம் முன்பா, ஆறு வருடம் முன்பா? அவர் கொடுத்த தேதியில் எத்தனை பேர் ஒரு வருடம் முந்திப் பள்ளிக்கூடம் போய், பாடம் ஏறாமல் அடி வாங்கியிருப்பார்கள்? தெரிந்துகொள்ள ஒரே வழி அவர் தலைதான். அதை எப்படி நம்புவது?

அடுத்த செவ்வாய் மறுபடி மூவரும் டாக்டரிடம் போனார்கள். சுந்தரராஜுலு வருடத்தைக் கேட்டுவிட்டு, "சோறு போடுங்கம்மா, போதும்" என்று எழிலிடம் சொன்னார். பத்திரிகையின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரு சட்டுன்னு வராதது, வருசம் மாறிப் போறது எல்லாம் வயசானா எல்லாருக்கும் வருமுங்க. எனக்கும் உண்டு. ஆனா எழுதுனதே ஞாபகமில்லைங்கறீங்க, அதைப் பாக்காம விடக் கூடாது. சத்துக் குறைவாக்கூட இருக்கலாம். தைராய்டுன்னு ஒண்ணு இருக்குது, அதுவும் இப்பிடிப் பண்ணும், மாத்திரையில சரியாகும். வேற ஏதாவதாவும் இருக்கலாம். பாக்காம நான் பேரு வெக்க மாட்டேன்." மூளை டாக்டர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "தனியாப் போகாதீங்க. கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க."

கூடப் போனது எழில்தான். ராசாத்தாள் முணுமுணுத்தாள். ஆனாலும் கிருபாவை அன்றைக்கு அவளே வைத்துக்கொண்டாள்.

மூளை டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். சீட்டு எழுதுகிற பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேருங்க?"

"சாந்தாமணி."

"வயசுங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார். ஐம்பத்தைந்து. தெரியும். கொஞ்சமும் சந்தேகம் இல்லை. கிருபாவின் வயதை எழுதியபோதும் கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல்தான் எழுதினார்.

அவர் எழிலின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு, அம்மணி."

எழில் மடியிலிருந்த பையைத் திறந்து, டீச்சரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து, பிறந்த தேதியில் விரலை வைத்துக் கணக்குப் போட்டாள். ஒரு முறை போட்டு, சரியா என்று இன்னொரு முறையும் போட்டாள்.

"அம்பத்தஞ்சுங்க" என்றாள்.